புண்ணின் ஈரத்தைப் பார்த்துக் கட்டுங்கள்: பாலிமர் டிரெஸ்ஸிங்குகளை வீட்டில் பயன்படுத்தும் முறை

தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையின் டிரெஸ்ஸிங் அறையில் பல வருடங்களாக நர்ஸாக இருக்கிறேன். சர்க்கரை நோயால் வந்த கால் புண், வெரிகோஸ் புண் (காலில் ரத்தநாளம் புடைத்து வருவது), படுக்கைப் புண், தீக்காயம் என்று என் கைக்கு வருவதில் பெரும்பகுதி நாள்பட்ட புண்கள்தான். டாக்டர் சீட்டில் ‘ஃபோம்’ என்றோ ‘ஹைட்ரோகொலாய்டு’ என்றோ எழுதிக் கொடுக்கிறார். மெடிக்கல் ஷாப்பில் ஒரு சின்னக் கவரை நீட்டி, காஸ் (மெல்லிய வலைத்துணி) கட்டைவிடப் பல மடங்கு விலை சொல்கிறார்கள். வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் எந்தப் பக்கம் உள்ளே, எத்தனை நாள் வைப்பது, குளிக்கலாமா, ஒன்றும் தெரிவதில்லை. அப்புறம் மகளோ மருமகளோ போன் செய்து, “சிஸ்டர், இதை எப்படி ஒட்டணும்?” என்று கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய நம்பிக்கையைப் பேசியாக வேண்டும். “புண்ணைக் காத்தாட விடுங்க, காஞ்சாத்தான் ஆறும்” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். பொருக்குத் தட்டினால் சந்தோஷப்படுவார்கள். ஆனால் புதுத் தோலின் செல்கள் புண்ணின் ஓரத்திலிருந்து ஈரமான பரப்பின் மேல் ஊர்ந்துதான் நடுவுக்கு வர முடியும். மேலே பொருக்குக் காய்ந்து கிடந்தால் அவை அதன் அடியில் வழி தேடி இறங்கிப் போக வேண்டும். 1962-ல் ஜார்ஜ் விண்டர் என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயங்களை உண்டாக்கி, சிலவற்றைத் திறந்து விட்டார், சிலவற்றைப் பாலிதீன் தாளால் மூடினார். மூடிய காயங்களில் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக வளர்ந்தது. இன்று கடையில் கிடைக்கும் பாலிமர் (பிளாஸ்டிக், ரப்பர், ஜெல் போல நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பொருள்) டிரெஸ்ஸிங் எல்லாமே அந்தச் சோதனைக்குப் பிறகு வளர்ந்தவை. நம் பக்கத்தில் தீக்காயக்காரரை வாழை இலையில் படுக்க வைக்கும் வழக்கம் உண்டு. இலை புண்ணில் ஒட்டாது, ஈரத்தை உறிஞ்சி எடுக்காது. அந்த வழக்கத்தில் நல்ல அறிவு இருக்கிறது.

ஆனால் சாதாரண பாலிதீனில் ஒரு குறை. ஆவியை வெளியே விடாது. புண்ணில் ஊறும் நீர் அடியிலேயே தேங்கி, சுற்றியுள்ள நல்ல தோலையும் ஊற வைத்து வெளுக்கச் செய்துவிடும். அதனால் ஈரம் இருக்க வேண்டும், தேங்கக் கூடாது. ஒவ்வொரு பாலிமரும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் நிற்கிறது. சில ஈரத்தைக் காப்பவை, சில நீரை உறிஞ்சுபவை, சில நீரைக் கொடுப்பவை. எதை வாங்குவது என்று கேட்கும்போது நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “நேற்றைய கட்டைப் பிரிச்சப்ப எவ்வளவு நனைஞ்சிருந்துச்சு?”

வீட்டில் கட்டக் கூடாத புண்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். விரல் நுனியோ குதிகாலோ கறுத்துக் காய்ந்து கிடந்தால் அதன் மேல் ஜெல்லோ ஃபோமோ வைக்கக் கூடாது. காலுக்கு ரத்தம் போகாமல் செத்த சதை அது. ஈரப்படுத்தினால் அழுகத் தொடங்கும். அதைக் காய்ந்த நிலையிலேயே வைத்து ரத்தநாள மருத்துவரிடம் காட்ட வேண்டும். கணுக்கால் ரத்த அழுத்தத்தையும் கை ரத்த அழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, காலுக்கு ரத்தம் போதுமா என்று சொல்வார்கள்.

சுற்றிலும் சிவப்புப் பரவுவது, தொட்டால் சூடு, புதிதாக வந்த வலி, சீழ், கழுவிய பிறகும் போகாத நாற்றம், காய்ச்சல், குளிர்நடுக்கம் என எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. சர்க்கரை நோயாளிக்குப் பல சமயம் வலி தெரியாது, காய்ச்சலும் சில சமயம் வராது. அதனால் ‘வலிக்கலையே’ என்று தைரியமாக இருக்காதீர்கள். நாய்க்கடி, ஆணி குத்திய ஆழமான காயம், எலும்பு தெரியும் புண் இவற்றை எதைக் கொண்டும் மூடி ஒட்டாதீர்கள்.

கழுவுவது

நல்ல டிரெஸ்ஸிங்கை வாங்கிவிட்டு, கழுவும்போது புண்ணைக் கெடுத்துவிடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால் நுரை பொங்கும். அழுக்கெல்லாம் வருகிறது என்று மனசுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்த நுரையில் புதிதாக வளரும் செல்களும் சாகின்றன. ஸ்பிரிட்டும் அப்படித்தான். ஃபோம் கட்டுகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பெராக்சைடு, ஹைப்போகுளோரைட் (ப்ளீச்சில் இருப்பது) போன்ற ஆக்சிஜனேற்றப் பொருட்கள் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ஃபோமையே சிதைக்கக் கூடியவை. அவற்றோடு சேர்த்துப் பயன்படுத்த வேண்டாம் என்று சில ஃபோம் கவர்களிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

நார்மல் சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) போதும். அது இல்லையென்றால் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பழைய கட்டை நனைத்துப் பிரியுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். சலைன் ஊற்றி ஐந்து நிமிடம் காத்திருங்கள். காய்ந்த காஸைப் பிடுங்கினால் முந்தைய நாள் வளர்ந்த தோலும் கூடவே வரும். கழுவிய பின் புண்ணுக்குள் துடைக்க வேண்டாம், சுற்றியுள்ள தோலை மட்டும் காஸால் ஒற்றி நன்றாக உலர்த்துங்கள். பசை ஒட்டுவது அங்கேதான். காபித்தூள், மஞ்சள்தூள், டூத் பேஸ்ட் எதுவும் போடாதீர்கள். டிரெஸ்ஸிங் வைத்தால் அடியில் ஆயின்மென்டும் வேண்டாம், டாக்டர் சொன்னாலொழிய. எண்ணெய்ப் பசை ஃபோமின் துளைகளை அடைத்துவிடும்.

வாரம் ஒரு முறை, புண்ணின் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து போனில் படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்குப் புண் சுருங்குவதும் தெரியாது, பெருகுவதும் தெரியாது.

பாலியூரித்தேன் ஃபிலிம்

கண்ணாடி மாதிரி மெல்லிய தாள். மருத்துவமனையில் ட்ரிப்ஸ் ஊசியின் மேல் ஒட்டுவார்களே, அதுதான். டெகாடெர்ம், ஆப்சைட் என்ற பெயர்களில் கேட்டிருப்பீர்கள். ஆவியையும் ஆக்சிஜனையும் விடும், தண்ணீரையும் கிருமியையும் உள்ளே விடாது. உறிஞ்சும் சக்தி கிடையாது. அதனால் நீர் வடியாத மேலோட்டமான சிராய்ப்புக்கும், தையல் போட்ட இடத்துக்கும், வேறு டிரெஸ்ஸிங்கின் மேல் மூடியாகவும் மட்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் வியர்வைக்கு ஓரம் கிளம்பிவிடும். நன்றாக ஒட்டியிருந்தால் ஒரு வாரம் வரை விடலாம். எடுக்கும்போது மேல்நோக்கி உரிக்காமல், ஓர் ஓரத்தைப் பிடித்துத் தோலோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் இழுங்கள். தாள் நீண்டு, பசை தானாக விடும். இது தெரியாமல் வெடுக்கென்று உரிப்பதால்தான் வயதானவர்களுக்குத் தோலே கிழிகிறது.

ஃபோம்: வீட்டுக்கு அதிகம் உதவுவது

நீர் வடியும் கால் புண், படுக்கைப் புண் இரண்டுக்கும் நான் முதலில் யோசிப்பது இதைத்தான். இதுவும் பாலியூரித்தேனே. நுரையாக்கி, நுண்ணிய துளைகளோடு ஸ்பாஞ்சாகச் செய்திருப்பார்கள். உள்பக்கம் புண் நீரை மேலே இழுத்துக்கொள்ளும். வெளிப்பக்கம் ஒரு ஃபிலிம் இருக்கும். அது நீரை வெளியே கசிய விடாமல், ஆவியாக மட்டும் விடும். அதனால் ஒரு ஃபோம், பல காஸ் கட்டுகளின் வேலையைச் செய்கிறது.

வழவழப்பான பக்கம், பெரும்பாலும் நிறம் கொடுத்தது அல்லது பெயர் அச்சிட்டது, வெளியே இருக்க வேண்டும். தலைகீழாக ஒட்டி, “சிஸ்டர், இது உறிஞ்சவே மாட்டேங்குது” என்று வருகிறவர்கள் உண்டு. ஃபிலிம் பக்கம் புண்ணில் பட்டால் எப்படி உறிஞ்சும்?

அளவு முக்கியம். புண்ணைவிட எல்லாப் பக்கமும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் பெரிதாக ஃபோம் இருக்க வேண்டும். புண் அளவுக்கே வெட்டி வைத்தால் ஓரத்தில் நீர் கசிந்து நல்ல தோல் ஊறும். ஓரத்தில் பசையில்லாத ஃபோமைச் சுத்தமான கத்தரியால் வெட்டலாம். பசை ஓரம் உள்ளதை வெட்டாதீர்கள். காசு மிச்சம் என்று பாதியை வெட்டிவிட்டு மீதியைக் கவரிலேயே வைத்து அடுத்த வாரம் எடுப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கவரைத் திறந்த நிமிடமே கிருமி நீக்கிய தன்மை போய்விட்டது. சின்ன அளவு கவராகப் பார்த்து வாங்குங்கள்.

எப்போது மாற்றுவது? காலண்டரைப் பார்க்காதீர்கள், ஃபோமைப் பாருங்கள். நடுவில் ஈரக்கறை தெரியும். அது விரிந்து, ஓரத்துக்கு இரண்டு சென்டிமீட்டர் தூரத்தில் வந்தால் மாற்ற வேண்டும். முதல் வாரத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆகலாம். புண் ஆற ஆற மூன்று நாள், ஐந்து நாள் என்று தள்ளிப்போகும். கறை வராவிட்டாலும் ஏழு நாளுக்கு மேல் வேண்டாம். ஒட்டிய தேதியை ஃபோமின் மேலேயே பேனாவால் எழுதுங்கள். விலையையும் இப்படித்தான் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு ஃபோமின் விலையை ஒரு காஸ் கட்டோடு ஒப்பிட்டால் அநியாயமாகத் தெரியும். ஐந்து நாளைய காஸ், ஆட்டோ செலவு, வேலைக்குப் போகாத கூலி எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் பல வீடுகளுக்கு ஃபோமே கட்டுப்படியாகிறது.

ஆழமான குழிப்புண்ணுக்கு மேலே ஃபோமை ஒட்டினால் மட்டும் போதாது. ஃபோம் அடிப்பரப்பைத் தொடாமல் நின்றால் குழியில் நீர் தேங்கும். உள்ளே எதை நிரப்புவது என்பதை உங்கள் டாக்டரோ நர்ஸோ காட்டித் தர வேண்டும். இறுக்கி அடைக்கக் கூடாது, தளர்வாகத்தான் வைக்க வேண்டும். மருத்துவமனையில் குழாய் பொருத்தி உறிஞ்சு மெஷினோடு கட்டுவார்களே, அதில் வைக்கும் கறுப்பு ஸ்பாஞ்சும் பாலியூரித்தேன் ஃபோம்தான். வழக்கமாக 125 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு உறிஞ்சழுத்தம் வைப்பார்கள். அதை வீட்டில் நீங்களாகப் பிரிக்கவே கூடாது.

வெள்ளி கலந்த ஃபோமும் கிடைக்கிறது. கிருமித் தொற்று இருந்தால் டாக்டர் எழுதுவார். இரண்டு வாரம் கழித்து அது இன்னும் தேவையா என்று அவரிடமே கேளுங்கள். சுத்தமான புண்ணுக்கு ‘விலை கூட, அதனால் நல்லது’ என்று நீங்களாக வாங்க வேண்டாம்.

ஹைட்ரோகொலாய்டு

இது குறைவாகவோ நடுத்தரமாகவோ நீர் விடும், தொற்று இல்லாத, மேலோட்டமான புண்ணுக்கு. படுக்கைப் புண்ணின் ஆரம்ப நிலைக்கு அருமையானது. பாலிஐசோபியூட்டலின் என்ற செயற்கை ரப்பர்ப் பசையில் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், ஜெலட்டின், பெக்டின் தூள்களைக் கலந்து, மேலே பாலியூரித்தேன் ஃபிலிம் ஒட்டியிருப்பார்கள். புண் நீர் பட்டதும் தூள்கள் ஊறி ஜெல்லாகும். ஜெலட்டின் விலங்கிலிருந்து வருவது. சைவத்திலோ மத விஷயத்திலோ கண்டிப்பான வீடுகளில் நான் இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு ஃபோமும் ஃபிலிமும் இருக்கின்றன.

ஒட்டும் முன் உள்ளங்கைகளுக்கு நடுவில் ஒரு நிமிடம் வைத்துச் சூடேற்றுங்கள். ஒட்டிய பிறகும் கையை மேலே வைத்து ஒரு நிமிடம் அழுத்துங்கள். உடல் சூட்டில்தான் பசை பிடிக்கும். பொதுவாக மூன்று முதல் ஏழு நாள் இருக்கும். ஜெல் சேர்ந்து நடுவில் கொப்புளம்போல் உப்பி, ஓரத்தை நெருங்கும்போது மாற்றுங்கள்.

பிரித்ததும் மஞ்சளாக, கொழகொழவென்று, ஒரு வாடையோடு இருக்கும். பார்த்தவுடன் சீழ் என்று பயந்து தூக்கி எறிந்துவிட்டுப் பழையபடி காஸுக்குப் போய்விடுவார்கள். நல்லபடி ஆறிக்கொண்டிருந்த புண்கள் இந்தப் பயத்தில் பின்னுக்குப் போவதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கிறது. முதலில் சலைனால் கழுவிப் பாருங்கள். ஜெல் போய், வாடையும் போய், அடியில் சிவந்த ஈரமான சதை தெரிந்தால் எல்லாம் சரி. கழுவிய பின்னும் நாற்றமும் சீழும் இருந்தால்தான் தொற்று.

சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணுக்கு இதை நீங்களாக ஒட்டாதீர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று பல நாள் தெரியாமல் மூடி வைப்பது அந்தக் காலுக்கு ஆபத்து. இன்னொன்று, வெயிலில் நின்ற ஸ்கூட்டர் டிக்கியில் வைத்தால் பசை இளகிவிடும். வாங்கிய கையோடு வீட்டுக்குக் கொண்டுபோய் நிழலான இடத்தில் வையுங்கள்.

ஹைட்ரோஜெல்

காய்ந்த புண்ணுக்கு நீர் கொடுப்பது இது. பாலிவினைல் ஆல்கஹால், பாலிவினைல் பைரோலிடோன் போன்ற, தண்ணீரை விரும்பும் பாலிமர்களை வலைபோல் பிணைத்திருப்பார்கள். எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான். இந்தியாவில் பாபா அணு ஆராய்ச்சி மையம் இதைக் கதிர்வீச்சால் செய்யும் முறையை உருவாக்கியது. பாலிமர்க் கரைசலைக் கதிரில் காட்டினால் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து ஜெல்லாகின்றன. அதே கதிர் கிருமிகளையும் கொன்றுவிடுகிறது. பிணைக்கத் தனியாக ரசாயனம் தேவையில்லை.

சின்னத் தீக்காயத்தில் வைத்தால் உடனே குளிர்ச்சியாக இருக்கும், குழந்தைகள் அழுகையை நிறுத்துவார்கள். ஆனால் முதலில் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டிய பிறகுதான் எந்த டிரெஸ்ஸிங்கும். மஞ்சள் நிறச் செத்த சதை காய்ந்து ஒட்டிக் கிடக்கும் புண்ணிலும் ஜெல் அதை இளக்கும். நீர் வடியும் புண்ணில் வைத்தால் வெள்ளத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான். ஜெல் தாளைப் புண் அளவுக்கு வெட்டி வையுங்கள், நல்ல தோலின் மேல் ஏறக் கூடாது. மேலே ஃபிலிம் போட்டு மூடுங்கள். வெறும் காஸைச் சுற்றினால் காற்றில் காய்ந்து தகடாகிவிடும். ஒன்று முதல் மூன்று நாளில் மாற்ற வேண்டும்.

சிலிக்கோனும் டயப்பர் பாலிமரும்

சிலிக்கோன் வலைத்தாள் எதையும் உறிஞ்சாது. அதன் வேலை ஒட்டாமல் இருப்பது. காய்ந்த தோலில் மெதுவாகப் பிடிக்கும், ஈரமான புண்ணில் பிடிக்காது. துளைகள் வழியாக நீர் மேலே போகும், அங்கே வைத்த காஸ் அதை வாங்கிக்கொள்ளும். மேல் காஸை மட்டும் மாற்றிக்கொண்டே வரலாம். ஃபிலிமிலும் சாதாரணப் பிளாஸ்திரியிலும் பெரும்பாலும் அக்ரிலிக் பசை இருக்கும். நேரம் ஆக ஆக அதன் பிடி இறுகும். காகிதம்போல் மெல்லிய தோலுள்ள பாட்டி, தாத்தாக்களுக்குச் சிலிக்கோன் ஓரம் உள்ள ஃபோம் கேட்டு வாங்குங்கள். கூடுதல் காசு கொடுக்கலாம் என்று நான் தயங்காமல் சொல்வது இதற்குத்தான்.

வெரிகோஸ் புண்ணில் சில சமயம் வேட்டி, படுக்கை எல்லாம் நனையும் அளவுக்கு நீர் வடியும். அதற்குச் சோடியம் பாலிஅக்ரிலேட் துகள்கள் நிரப்பிய தடித்த பேடுகள் இருக்கின்றன. குழந்தையின் டயப்பரிலும் நாப்கினிலும் இருப்பது அதே பாலிமர். இந்தப் பேடை வெட்டவே கூடாது, துகள்கள் புண்ணுக்குள் கொட்டும். வாங்க வசதியில்லாத வீடுகளில், புண்ணின் மேல் கிருமி நீக்கிய காஸை வைத்து, அதற்கு மேல் வெளிச்சுற்றாக ஒரு புது நாப்கினை வைக்கச் சொல்கிறேன். புண்ணில் நேராகப் படக் கூடாது. இந்தப் புண்களுக்கு அழுத்தக் கட்டும் அவசியம், ஆனால் காலின் ரத்த ஓட்டத்தைச் சோதித்த பிறகுதான்.

செருப்பும் ஒரு டிரெஸ்ஸிங்தான்

பெருவிரலுக்கு அடியில் புண் உள்ள கண்டக்டர் அண்ணன் ஒருவர், “இவ்வளவு விலை கொடுத்து ஃபோம் வைக்கிறேன், ஆறலையே சிஸ்டர்” என்றார். பஸ்ஸில் நாள் முழுக்க அந்தக் காலில்தான் நிற்கிறார். எடை இறங்கும் இடத்தில் எந்தப் பாலிமரும் ஆற்றாது. சர்க்கரை நோயாளியின் உள்ளங்கால் புண்ணில் டிரெஸ்ஸிங் பாதி வேலைகூட இல்லை. அழுத்தத்தை எடுப்பதுதான் வைத்தியம். புண் திறந்திருக்கும்போது டாக்டர் மாவுக்கட்டோ தனி பூட்ஸோ தருவார். ஆறியபின் எம்.சி.ஆர். செருப்பு. நுண்துளை ரப்பரால் ஆன இந்த மென்மையான செருப்பு, வேலூரிலும் அதன் பக்கத்தில் உள்ள கரிகிரியிலும் உணர்ச்சியற்ற பாதமுள்ள தொழுநோயாளிகளுக்காகப் பழக்கத்துக்கு வந்தது. பிறகு சர்க்கரை நோயாளிகளுக்கும் அதுவே துணையானது. வாங்கும்போது கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அழுந்தி, எடுத்ததும் திரும்ப மேலே வர வேண்டும். தட்டையாகிப் போனால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. படுக்கையில் இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதும் இதே கணக்குத்தான்.

புண் மூடியதும் டிரெஸ்ஸிங்கை உடனே நிறுத்தாதீர்கள். இளஞ்சிவப்பாக இருக்கும் அந்தத் தோல் மிக மெல்லியது. முழுதாக முதிர்ந்த தழும்புகூட பழைய தோலின் வலுவில் 80 சதவீதத்தைத்தான் எட்டும். ஒன்றிரண்டு வாரம் மெல்லிய ஃபோமோ சிலிக்கோன் ஓரம் உள்ள பேடோ உராய்வைத் தடுக்கட்டும். தீக்காயத் தழும்பு தடித்து எழும்பினால் சிலிக்கோன் ஜெல் தாள் உதவும். இதைத் திறந்த புண்ணில் வைக்கக் கூடாது, முழுதாக மூடிய தோலில் மட்டும். நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதமாவது வைக்க வேண்டும். தாளைத் தினமும் எடுத்து மிதமான சோப்பில் கழுவி, காற்றில் உலர்த்தி, மறுபடி அதையே ஒட்டலாம். வியர்க்குரு வந்தால் ஓரிரு நாள் இடைவெளி விட்டு, தினமும் நாலு மணி நேரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.